கத்தோலிக்கக் கோவிலில் சுரூபங்களும் படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பது, கல்யாணப் பூசைக்கு வரும் இந்து, முஸ்லிம் நண்பர்கள் காதோரம் கேட்பது, வேறு சபைக்குப் போய்விட்ட சொந்தக்காரர்கள் கொஞ்சம் சூடாகக் கேட்பது என்று பல வருடங்களாக என்னிடம் வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கூடியவரை அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். சொன்னதையே திரும்பச் சொல்லாமல் இருக்க எண் கொடுத்திருக்கிறேன்.

1. உள்ளே நுழைந்ததும் எதை முதலில் பார்க்க வேண்டும்? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுரூபம் (சிலை) நிற்கிறதே.

பீடத்தைப் பாருங்கள். பூசை, அதாவது திருப்பலி, நடக்கும் அந்த மேடைதான் கோவிலின் நடு. அடுத்து, பீடத்தின் மேலோ அருகிலோ இருக்கும் பாடுபட்ட சுரூபம், அதாவது இயேசு அறையுண்ட சிலுவை. திருப்பலி நடக்கும்போது அது அங்கே இருந்தே ஆக வேண்டும் என்பது திருச்சபையின் விதி. மூன்றாவது, நற்கருணைப் பேழை. பூட்டிய சிறிய பெட்டி, பெரும்பாலும் பொன் நிறத்தில் இருக்கும். பக்கத்தில் ஒரு விளக்கு இரவும் பகலும் எரியும். திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம் அதற்குள் இருக்கிறது. அதில் இயேசு உண்மையாகவே இருக்கிறார் என்பது கத்தோலிக்கரின் விசுவாசம். சுரூபம், படம், கண்ணாடி ஓவியம் எல்லாம் இந்த மூன்றுக்கும் பிறகுதான்.

கோவிலுக்குள் வரும் கத்தோலிக்கர் ஒரு முழங்காலை மடித்து வணங்குவது இந்தப் பேழைக்குத்தான். கைகூப்பி ஆழமாகக் குனிந்து வணங்கும் நம் ஊர் முறைக்கும் 1969-இல் ரோமாபுரி அனுமதி கொடுத்தது. நேராக அந்தோணியாரிடம் போய், தொட்டுக் கும்பிட்டு, பேழை இருக்கும் பக்கமே பார்க்காமல் திரும்பிப் போகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்தோணியாரே அதை விரும்ப மாட்டார். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

2. பீடத்துக்கு மேலே நடுவில் நிற்கிற புனிதர் ஊருக்கு ஊர் மாறுகிறாரே, ஏன்?

அவர் அந்தக் கோவிலின் பாதுகாவலர். கோவில் எழுப்பும்போது யார் பெயரில் அர்ப்பணிக்கிறார்களோ அவருக்கு அந்த இடம். தூத்துக்குடியில் பனிமய மாதா, கோட்டாறில் சவேரியார், புளியம்பட்டியில் அந்தோணியார். அவருடைய விழா நாளை ஒட்டித்தான் கொடியேற்றமும் நவநாளும் (தொடர் வேண்டுதல்) தேர்பவனியும் நடக்கும். பல பழைய கோவில்களில் பேழையும் அதே நடுப்பீடத்தில் இருப்பதால் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்புதான்.

3. எல்லாரும் தாடியும் அங்கியுமாக ஒரே மாதிரி இருக்கிறார்கள். யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தைப் பார்க்காதீர்கள், கையையும் காலடியையும் பாருங்கள். கையில் சாவி இருந்தால் இராயப்பர், அதாவது பேதுரு. விண்ணரசின் திறவுகோலை இயேசு அவரிடம் கொடுத்தார் என்பது மத்தேயு 16-ஆம் அதிகாரம். வாள் இருந்தால் சின்னப்பர் என்னும் பவுல். வாளால் தலை வெட்டப்பட்டு இறந்தவர். எக்ஸ் வடிவச் சிலுவை என்றால் பெலவேந்திரர் என்னும் அந்திரேயா. இரும்புக் கட்டில் மாதிரி ஒரு வாட்டும் தட்டு இருந்தால் லாரன்ஸ். இப்படிப் பலருக்கு அவரவர் பட்ட வேதனையே அடையாளம். தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நிற்கும் லூசியம்மாளைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் பயப்படும். அவர் பார்வைக்காக வேண்டப்படும் புனிதை என்று சொல்லிக் கொடுத்தால் பயம் போய்விடும்.

மரத்தில் கட்டி அம்பு தைத்த இளைஞர் செபஸ்தியார். அவர் அம்பால் சாகவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அம்புக் காயத்திலிருந்து பிழைத்து, மறுபடியும் பேரரசன் முன்னால் போய் நின்றார், பிறகுதான் தடியால் அடித்துக் கொன்றார்கள் என்று அவர் வரலாறு சொல்கிறது. தொடையில் புண்ணும் பக்கத்தில் ரொட்டி கவ்விய நாயுமாக நிற்பவர் ரோக்கு என்னும் ஆரோக்கியநாதர். கொள்ளைநோயாளிகளுக்குத் தொண்டு செய்து தானும் நோயில் விழுந்தவர். இந்த இருவரையும் கொள்ளைநோய்க் காலங்களில் மக்கள் பற்றிக்கொண்டார்கள். பழைய ஊர்களில் இவர்கள் பெயரில் குருசடியும் (சிலுவை நிற்கும் சிறு வழிபாட்டிடம்) கோவிலும் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அந்தோணியார் இரண்டு பேர், இதில் நிறையப் பேர் தடுமாறுவார்கள். பழுப்பு அங்கி, கையில் குழந்தை இயேசு, லீலி மலர் என்றால் அவர் பதுவை அந்தோணியார். 1195-இல் லிஸ்பனில் பிறந்து 1231-இல் பதுவையில் இறந்தவர். இறந்து ஒரு வருடம் முடிவதற்குள் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை, அதனால்தான் செவ்வாய் நவநாள். வெள்ளைத் தாடி, தடி, மணி, காலடியில் பன்றி என்றால் அவர் வனத்து அந்தோணியார். ஏறக்குறைய 900 வருடம் முந்திய எகிப்து நாட்டுத் துறவி. இப்போது ஜீன்ஸும் விளையாட்டுக் காலணியுமாக ஒரு பையனின் உருவத்தையும் சில கோவில்களில் பார்க்கலாம். 15 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்து, 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்குதிஸ் அவர். பிள்ளைகள் அந்தச் சுரூபத்தின் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

4. மாதா ஒருவர்தானே? ஆரோக்கிய மாதா, லூர்து மாதா, சகாய மாதா என்று இத்தனை பேர் எப்படி?

ஒரே மரியாள்தான். அவர் தோன்றியதாக நம்பப்படும் இடம், அவர் வாழ்வின் ஒரு நிகழ்ச்சி, அவரிடம் மக்கள் கேட்ட உதவி, இவற்றில் ஏதோ ஒன்றை வைத்துப் பெயரும் தோற்றமும் மாறும். வெள்ளை உடை, நீல இடைக்கச்சை, பாதத்தில் மஞ்சள் ரோஜா, கையில் செபமாலை என்றால் லூர்து மாதா. 1858-இல் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமி பிரான்சில் ஒரு குகையில் கண்ட காட்சி அது. நம் கோவில் வளாகங்களில் இருக்கும் கெபிகள் அந்தக் குகையின் நினைவுதான். அங்கே வைக்க 1864-இல் சிற்பி செய்த சுரூபம் பெர்னதெத்துக்கே திருப்தியாக இல்லை. தான் கண்டவருக்கு அது ஈடாகாது என்பதுதான் அவர் எண்ணம். அப்படியிருந்தும் அதே சுரூபம்தான் உலகம் முழுக்கப் பரவியது. எந்தச் சுரூபமும் ஆளின் நிழலைக்கூட முழுசாகப் பிடிக்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நெஞ்சில் வாள் பாய்ந்தவர் வியாகுல மாதா; "உன் உள்ளத்தை வாள் ஊடுருவும்" என்று சிமியோன் சொன்னதை (லூக்கா 2:35) அப்படியே உருவமாக்கியிருக்கிறார்கள். பன்னிரண்டு விண்மீன் சூடி, காலடியில் பாம்பை மிதிப்பவர் அமலோற்பவ மாதா. சகாய மாதா மட்டும் பெரும்பாலும் சுரூபமாக இல்லாமல் படமாக இருப்பார். அதை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே இரண்டு வானதூதர்கள் ஈட்டி, கடற்பஞ்சு, சிலுவை, ஆணிகளோடு நிற்கிறார்கள். அதைக் கண்டு பயந்த குழந்தை ஓடிவந்து அம்மாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓடி வந்த வேகத்தில் ஒரு செருப்பு கழன்று வாரில் தொங்குகிறது. புதன்கிழமைதோறும் அந்தப் படத்தின் முன்னால் நவநாள் சொல்கிறவர்களில் பலர் அந்தச் செருப்பைக் கவனித்ததே இல்லை. காட்டியதும் கண்கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

5. தலைக்குப் பின்னால் வட்டமாக ஒளி போடுவது எதற்கு?

தூய்மைக்கும் மகிமைக்கும் அடையாளம். கிரேக்க, ரோமைக் கலையில் சூரிய தேவனுக்கும் பேரரசருக்கும் போட்ட ஒளிவட்டத்தைக் கிறிஸ்தவ ஓவியர்கள் எடுத்துக்கொண்டார்கள். வட்டத்துக்குள் சிலுவை இருந்தால் அது பெரும்பாலும் கிறிஸ்துதான்.

6. சிலுவை உச்சியில் நான்கு எழுத்து, சில சிலுவைகளில் கீழே மண்டை ஓடு. என்ன அது?

ஐ, என், ஆர், ஐ என்ற எழுத்துகள் "நாசரேத்து இயேசு யூதர்களின் அரசர்" என்பதன் லத்தீன் சுருக்கம். பிலாத்து இதை எபிரேயம், லத்தீன், கிரேக்கம் மூன்றிலும் எழுதி வைத்தான் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. மண்டை ஓடு, இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா ("மண்டை ஓட்டு இடம்") என்ற இடத்தைக் குறிக்கும். ஆதாமை அடக்கம் செய்த இடமும் அதுதான் என்று பழங்காலத்திலிருந்தே ஒரு நம்பிக்கை உண்டு. முதல் மனிதனின் எலும்பின் மேல் மீட்பரின் ரத்தம் வழிகிறது என்பது ஓவியர்களின் எண்ணம்.

7. சுவரைச் சுற்றி 14 படங்கள் இருக்கின்றன. அதில் சில காட்சிகள் பைபிளிலேயே இல்லையே?

அது சிலுவைப்பாதை. எருசலேமுக்குப் போக முடியாதவர்கள் தங்கள் ஊரிலேயே இயேசு சிலுவை சுமந்த வழியை நடந்து தியானிக்க வந்த பக்தி முயற்சி. 14 நிலைகள் என்ற எண்ணிக்கை 1731-இல் உறுதியானது. மூன்று முறை விழுவது, தாயைச் சந்திப்பது, வெரோணிக்கா முகம் துடைப்பது ஆகியவை நற்செய்தியில் இல்லை, மரபு வழி வந்தவை. கேட்டவர் சொன்னது சரிதான், மறைக்க வேண்டியதில்லை. 1991-இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் ரோமில் புனித வெள்ளியன்று விவிலியக் காட்சிகளை மட்டும் கொண்ட ஒரு சிலுவைப்பாதையையே நடத்தினார்.

இன்னொன்று. மரபான விதிப்படி சிலுவைப்பாதைக்கு அவசியமானவை 14 சிலுவைகள்தான், படங்கள் இல்லை. ஏழைக் கிராமத்துக் கோவிலில் சுண்ணாம்புச் சுவரில் வெறும் 14 மரச்சிலுவைகள் இருந்தாலும் அது முழுமையான சிலுவைப்பாதைதான்.

8. மாதாவும் புனிதர்களும் ஏன் வெள்ளைக்காரர்கள் மாதிரியே இருக்கிறார்கள்? நம் ஊர் முகம் கிடையாதா?

நியாயமான வருத்தம். மறைபரப்பாளர்கள் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தவற்றின் அச்சில்தான் நம் ஊர்ச் சுரூபங்களும் பிறகு வார்க்கப்பட்டன. தூத்துக்குடி பனிமய மாதாவின் சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது அந்தக் கடற்கரை மக்களின் பெருமை. ஆனால் மரியாள் கலிலேயாவின் ஒரு யூதப் பெண். நீலக் கண்ணும் பொன்முடியும் அவருக்கும் சொந்தமில்லை. ஒவ்வொரு நாடும் தன் முகத்தையே கொடுத்துக்கொண்டது.

நம் ஊர் முகம் இல்லவே இல்லை என்பதும் சரியில்லை. 18-ஆம் நூற்றாண்டிலேயே வீரமாமுனிவர், விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கோணான்குப்பத்தில் மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயரிட்டு, தமிழ்ப் பெண்ணின் உடையில் சுரூபம் செய்வித்தார். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா சேலை கட்டி நிற்கிறார், மக்கள் சேலையே காணிக்கை கொண்டுபோகிறார்கள். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் பிறப்பால் போர்த்துகீசியர், ஆனால் பண்டார சுவாமியின் காவி உடையில்தான் வாழ்ந்தார். குமரி மண்ணின் மறைசாட்சி தேவசகாயம் (கேள்வி 15) வேட்டியோடும் விலங்கிட்ட கைகளோடும் முழங்காலில் நிற்கிறார். அந்தச் சுரூபம் பீடத்துக்குப் பக்கத்தில் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து மக்கள் அடைந்த நிறைவை நான் விளக்கத் தேவையில்லை. இனி செய்கிற சுரூபங்களுக்காவது நம் சிற்பிகளிடம் சொந்த முகம் கேட்கலாம் என்பது என் ஆசை.

9. நாங்கள் இந்துக்கள். மெழுகுதிரி ஏற்றலாமா? போட்டோ எடுக்கலாமா?

ஏற்றலாம், உட்கார்ந்து வேண்டலாம், உப்பும் மிளகும் காணிக்கை போடலாம். நற்கருணை வாங்க மட்டும் வரிசையில் நிற்காதீர்கள். கேள்வி 1-இல் சொன்ன விசுவாசத்தோடு வாங்க வேண்டியது அது. போட்டோ பற்றி ஒவ்வொரு கோவிலிலும் ஒரு வழக்கம் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். பூசை நடக்கும்போது எங்கேயும் வேண்டாம்.

10. பத்துக் கட்டளையில் "உருவம் செய்யாதே" என்று தெளிவாக இருக்கிறது. அப்புறம் எப்படி இத்தனை சிலை?

விடுதலைப் பயணம் 20-ஆம் அதிகாரம் (பழைய மொழிபெயர்ப்பில் யாத்திராகமம்). எந்த உருவத்தையும் செய்யாதே, அவற்றைப் பணிந்து வழிபடாதே என்று அடுத்தடுத்து வருகிறது. அதே நூலின் 25-ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பேழையின் மேல் பொன்னால் இரண்டு கெருபுகள் (சிறகுள்ள வானதூதர் உருவங்கள்) செய் என்று அதே கடவுள் மோசேயிடம் சொல்கிறார். எண்ணிக்கை நூல் 21-இல் வெண்கலப் பாம்பு செய்து கம்பத்தில் ஏற்றச் சொல்கிறார். அதைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். சாலமோன் கட்டிய கோவிலில் கெருபுகளும் வெண்கலக் காளைகளும் இருந்தன. ஆக, உருவம் செய்வது எல்லாமே குற்றம் என்றால் இவை எதுவும் நடந்திருக்கக் கூடாது. தடை செய்யப்பட்டது, ஒரு பொருளைக் கடவுளின் இடத்தில் வைப்பது.

ஆனால் இந்தக் கதை இங்கே முடியவில்லை, நம் ஆட்கள் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 2 அரசர்கள் 18:4-ஐப் படியுங்கள். அதே வெண்கலப் பாம்புக்கு மக்கள் தூபம் காட்டத் தொடங்கியதும் எசேக்கியா அரசர் அதை உடைத்தே போட்டார். கடவுள் செய்யச் சொன்னதாகவே இருந்தாலும், இடம் மாறினால் அதுவும் சிலைவழிபாடு ஆகிவிடும். இந்த எச்சரிக்கை நமக்கும்தான்.

11. அந்தக் கட்டளையையே கத்தோலிக்கர்கள் பைபிளிலிருந்து எடுத்துவிட்டீர்களாமே?

எடுக்கவில்லை. எந்தக் கத்தோலிக்க விவிலியத்தைத் திறந்தாலும் அந்த வசனம் அங்கேயே இருக்கும். மாறுவது எண் போடும் முறை. விவிலியத்தில் கட்டளைகளுக்கு 1, 2 என்று எண் இல்லை. புனித அகுஸ்தினார் வழியில் நாம் "வேறு தெய்வம் கூடாது" என்பதையும் "உருவத்தை வழிபடாதே" என்பதையும் ஒன்றாக, முதல் கட்டளையாக எண்ணுகிறோம். பிறர் மனைவியையும் பிறர் பொருளையும் விரும்பாதே என்பதை ஒன்பது, பத்து என்று பிரிக்கிறோம். மார்ட்டின் லூத்தரும் இதே முறையைத்தான் வைத்துக்கொண்டார். அதனால் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் ஞானோபதேசத்திலும் முதல் எட்டுக் கட்டளைகள் இதே வரிசையில்தான் இருக்கும்.

மனப்பாடத்துக்காகச் சுருக்கிய ஞாயிறு வகுப்புப் பட்டியலில் உருவம் பற்றிய வரி விட்டுப்போகிறது என்பது உண்மை. முழு வசனத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதே நல்லது, நான் அப்படித்தான் செய்கிறேன்.

12. வழிபடவில்லை என்கிறீர்கள். ஆனால் முழங்காலிடுகிறீர்கள், மாலை போடுகிறீர்கள், தேரில் வைத்து இழுக்கிறீர்கள். இது வழிபாடு இல்லாமல் வேறு என்ன?

இதே சண்டை 8-ஆம் நூற்றாண்டில் நடந்து, ரத்தமே சிந்தியிருக்கிறது. பைசாந்திய பேரரசர் மூன்றாம் லியோ திருவுருவங்களை உடைக்க உத்தரவிட்டார். முஸ்லிம் ஆட்சிக்குள் இருந்த தமாஸ்கு அருளப்பர் என்ற துறவி அங்கிருந்தே எதிர்த்து எழுதினார். காணாத கடவுளை வரைய முடியாதுதான், ஆனால் அவர் மனிதராகப் பிறந்து கண்ணால் காணப்பட்டாரே, அந்த முகத்தை ஏன் வரையக் கூடாது என்பது அவருடைய வாதம். 787-இல் இரண்டாம் நிசேயா சங்கம் (ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம்) முடிவு சொன்னது: ஆராதனை கடவுளுக்கு மட்டும், உருவத்துக்குத் தரும் மரியாதை அந்த உருவம் யாரைக் காட்டுகிறதோ அவரைச் சேர்கிறது. 1563-இல் திரிதெந்தீன் சங்கம் இன்னும் கறாராகச் சொன்னது: அந்த உருவங்களுக்குள் தெய்வீகமோ சக்தியோ இருப்பதாக நம்பக் கூடாது, அவற்றிடமே எதையும் கேட்கக் கூடாது.

ஆக, முழங்காலிடுவதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, அதற்குப் பின்னால் உள்ள எண்ணத்தையும் பார்க்க வேண்டும். அந்த எண்ணம் நம் மக்களிடம் எப்போதும் சரியாக இருக்கிறது என்று நான் சாதிக்க மாட்டேன். "இந்தக் கோவில் அந்தோணியாருக்குத்தான் பவர் அதிகம், அந்தக் கோவில் அந்தோணியாருக்கு இல்லை" என்று பேசுவதும், "இந்தப் படத்தை 13 பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும்" என்று செய்தி அனுப்புவதும் திரிதெந்தீன் சங்கம் தடுத்த அதே தவறுகள். தேரில் மாதா போகும்போது தெருவே ஒன்றாகச் சேர்ந்து செபமாலை சொல்வது வேறு. தேரின் உயரத்துக்காகத் தெருவுக்குத் தெரு சண்டை போடுவது வேறு.

13. முதல் கிறிஸ்தவர்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?

சுரூபம் அரிது, ஓவியம் உண்டு. இன்றைய சிரியாவில் தூரா எவுரோப்போஸ் என்ற ஊரில் தோண்டியெடுத்த வீட்டுக் கோவில் 3-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. அதன் திருமுழுக்கு அறைச் சுவரில் நல்ல ஆயனும், நீரில் நடக்கும் இயேசுவும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். ரோமின் நிலத்தடிக் கல்லறைகளிலும் அப்படியே.

600-ஆம் ஆண்டு வாக்கில் மார்செய் நகர ஆயர் செரேனுஸ், மக்கள் படங்களை வழிபடுகிறார்கள் என்று கோபப்பட்டு உடைத்தார். பெரிய கிரகோரி பாப்பரசர் அவருக்கு எழுதியது இன்றும் பொருந்தும். வழிபடாமல் தடுத்தது சரி, உடைத்தது தவறு. எழுத்துத் தெரியாதவர்கள் சுவரைப் பார்த்துப் படிக்கிறார்கள் என்றார். புதுச்சேரி இருதய ஆண்டவர் பசிலிக்காவில் காலை வெயில் கண்ணாடி ஓவியங்கள் வழியாக உள்ளே விழும்போது போய்ப் பாருங்கள். எழுத்துத் தெரிந்தவர்களும் அங்கே நின்று படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

14. செத்துப்போனவர்களிடம் ஏன் கேட்கிறீர்கள்? நேராக இயேசுவிடம் கேட்க வேண்டியதுதானே?

நேராகக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். திருப்பலியின் மன்றாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே கிறிஸ்து வழியாகத் தந்தையை நோக்கித்தான் போகின்றன. "கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே இணைப்பாளர் ஒருவரே" என்ற 1 திமொத்தேயு 2:5-ஐத் திருச்சபை மறுக்கவில்லை. அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் பவுல், எல்லாருக்காகவும் பரிந்து பேசி மன்றாடுங்கள் என்கிறார். ஒருவருக்காக ஒருவர் வேண்டுவது இயேசுவின் இடத்தைப் பறிப்பதில்லை என்றால், இயேசுவிடம் போய்ச் சேர்ந்தவர்கள் வேண்டுவதும் பறிக்காது. அவர்கள் செத்தவர்கள் இல்லை என்பதும் இயேசுவின் வார்த்தைதான்: கடவுள் வாழ்வோரின் கடவுள் (மாற்கு 12:27).

பிரார்த்தனை மாலையை (ஒவ்வொரு பெயராகச் சொல்லி வேண்டும் தொடர் செபம்) கவனியுங்கள். இயேசுவிடம் "எங்கள் மேல் இரக்கமாயிரும்", புனிதர்களிடம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்". பாட்டி காலத்திலிருந்து இந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது.

15. எங்கள் ஊரில் ஒரு ஃபாதர் இருந்தார், உண்மையிலேயே புனிதர். அவருக்குக் கோவிலுக்குள் சுரூபம் வைக்கலாமா?

இப்போதைக்கு முடியாது. புனிதர், முத்திப்பேறு பெற்றவர் (புனிதர் பட்டத்துக்கு முந்திய படி) என்று திருச்சபை பட்டியலில் சேர்த்தவர்களுக்கு மட்டுமே பொது வணக்கம் என்கிறது திருச்சபைச் சட்டம் 1187. தனிப்பட்ட முறையில் அவர் கல்லறைக்குப் போய் வேண்டலாம், வீட்டில் படம் வைக்கலாம். ஒளிவட்டம் மட்டும் போடாதீர்கள்.

பொறுமை வேண்டிய வேலை இது. தேவசகாயம் 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். மக்கள் அன்றிலிருந்தே அவரைத் தேடிப் போனார்கள். முத்திப்பேறு பட்டம் 2012-இல், புனிதர் பட்டம் 2022 மே 15-இல். 270 வருடம் மக்கள் நினைவில் வைத்திருந்ததால்தான் அது நடந்தது. உங்கள் ஃபாதரைப் பற்றித் தெரிந்த பெரியவர்களின் சாட்சியங்களை இப்போதே எழுதி வையுங்கள்.

பட்டம் பெற்ற புனிதராகவே இருந்தாலும், கிடைக்கும் இடத்திலெல்லாம் வைக்கக் கூடாது. சுரூபங்கள் அளவோடும் ஒழுங்கோடும் இருக்க வேண்டும் என்று சட்டம் 1188 சொல்கிறது. பொதுவாக ஒரே புனிதருக்கு ஒரு கோவிலில் ஒரு சுரூபம் போதும் என்று திருப்பலி நூலின் பொதுப் போதனை சொல்கிறது. நேர்த்திக்கடனாகச் சுரூபம் கொடுக்க நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன் பங்குத்தந்தையிடம் பேசிவிடுங்கள். வாங்கி வந்த பிறகு வேண்டாம் என்று சொல்வது அவருக்கும் கஷ்டம்.

16. கிறிஸ்தோபரைப் புனிதர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்களாமே? காரில் அவர் படம் வைத்திருக்கிறேன்.

நீக்கவில்லை. 1969-இல் உலகப் பொது நாள்காட்டியைக் குறைத்தபோது அவருடைய நாள் அதிலிருந்து எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். ரோமை மறைசாட்சிகள் நூலில் ஜூலை 25-இல் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. குழந்தை இயேசுவைத் தோளில் வைத்து ஆற்றைக் கடக்கும் கதை பிற்காலத்துப் புராணம். படம் இருக்கட்டும், சீட் பெல்ட்டும் போடுங்கள்.

17. தவக்காலத்தில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுகிறார்கள். எதற்கு?

தவக்காலத்தின் (ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலம்) ஐந்தாம் ஞாயிற்றிலிருந்து மூடும் வழக்கம் உண்டு. சிலுவைகள் புனித வெள்ளி வழிபாடு முடியும்வரை, மற்றவை பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்திய இரவு வழிபாடு) தொடங்கும்வரை. கண்ணுக்கும் ஒரு நோன்பு. புனித வெள்ளியன்று சிலுவையைத் திறந்து காட்டி, எல்லாரும் வரிசையாகப் போய் முத்தமிடும்போது, அத்தனை நாள் மூடியிருந்ததன் அர்த்தம் புரியும்.

18. மாதா சுரூபம் கண்ணீர் விடுகிறது என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கிறது. நம்பலாமா?

அவசரப்படாதீர்கள், பரப்பாதீர்கள். திருச்சபையே அவசரப்படுவதில்லை. 1953-இல் சிசிலியின் சிரக்கூசா நகரில் ஒரு வீட்டுச் சுவரில் மாட்டிய மாதா உருவம் கண்ணீர் விட்டபோது, அந்தத் துளிகளை எடுத்துச் சோதனை செய்தார்கள். மனிதக் கண்ணீரை ஒத்திருந்ததாக முடிவு வந்த பிறகே சிசிலி ஆயர்கள் அதை ஏற்றார்கள். 2024 மே மாதம் வத்திக்கான் புதிய விதிமுறை வெளியிட்டது. அதன்படி இப்படிப்பட்ட நிகழ்வை விசாரிப்பது மறைமாவட்ட ஆயரின் பொறுப்பு. இது புதுமைதான் என்று அறிவிப்பது இனி வழக்கமாக இருக்காது. பக்திக்குத் தடையில்லை என்பதுதான் பொதுவாகக் கிடைக்கக்கூடிய உயர்ந்த பதில். தடையில்லை என்று சொன்ன பிறகும் நம்புவது கட்டாயம் இல்லை.

19. வீட்டில் இருந்த சூசையப்பர் (மரியாளின் கணவர் யோசேப்பு) சுரூபம் கை உடைந்துவிட்டது. கெட்ட சகுனமா? என்ன செய்வது?

சகுனம் எதுவும் இல்லை. சாந்து உடையும். ஒட்ட முடிந்தால் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், மந்திரிக்கப்பட்ட, அதாவது குருவால் ஆசீர்வதிக்கப்பட்ட, பொருள் என்பதால் குப்பையில் போடாமல், யார் காலிலும் மிதிபடாத இடத்தில் மண்ணில் புதையுங்கள். பழைய படங்களை எரித்துச் சாம்பலைப் புதைக்கலாம். கோவில் வாசலிலோ கெபியிலோ யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். அதைச் சுத்தம் செய்பவருக்கு அது ஒரு சுமை.

இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள் என்பதால்: படுத்துத் தூங்கும் சூசையப்பர் சுரூபம் தவறில்லை. சூசையப்பருக்குக் கடவுளின் செய்தி கனவில்தான் வந்தது. பிரான்சிஸ் பாப்பரசர் தன் கவலைகளைச் சீட்டில் எழுதி அந்தச் சுரூபத்தின் அடியில் வைப்பதாக 2015-இல் மணிலாவில் சொன்னார். அப்புறம்தான் அது நம் ஊரிலும் பரவியது. சீட்டு வைப்பது வேண்டுதல். வைத்தால் நடந்தே தீரும் என்று எண்ணினால் கேள்வி 12-க்குத் திரும்பிப் போங்கள்.

20. அண்ணன் வேறு சபையில் சேர்ந்துவிட்டார். அம்மா வைத்திருக்கும் மாதா சுரூபத்தை வீட்டைவிட்டு எடுத்தால்தான் ஜெபிக்க வருவேன் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாருமே அழுகையோடுதான் கேட்டார்கள். முதலில், அண்ணனுக்குக் கடவுள்மேல் உள்ள ஆர்வத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். அவர் பயப்படுவது சிலைவழிபாட்டுக்கு, அந்தப் பயம் விவிலியத்தில் இருக்கிறது. கேள்வி 10-இல் சொன்ன எசேக்கியாவின் பகுதியை நீங்களே எடுத்துக் காட்டி, ஆமாம், இந்த ஆபத்து உண்டு என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு 787-இல் எடுத்த முடிவையும், நாம் மாதாவிடம் என்ன கேட்கிறோம் என்பதையும் (கேள்வி 14) சொல்லுங்கள். அவர் ஏற்காமல் போகலாம்.

அம்மாவின் சுரூபத்தை எடுக்க வேண்டாம். அம்மா எதையும் தெய்வமாக வைத்திருக்கவில்லை. இத்தனை வருடம் அந்த முகத்தின் முன்னால் உங்கள் இரண்டு பேருக்காகவும் இயேசுவிடம் வேண்டியிருக்கிறார். அண்ணன் வரும் நாளில் எல்லாரும் சேர்ந்து ஜெபிக்க வேறொரு அறையில் விவிலியத்தைத் திறந்து வையுங்கள். "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்ற ஜெபத்தில் இரண்டு பேருக்கும் எந்தத் தகராறும் இல்லை. அதில் தொடங்குங்கள். அம்மாவையே முதலில் சொல்லச் சொல்லுங்கள்.